காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் எந்த மடக்குக் கத்தி?

புதிதாகப் பணியில் சேர்ந்த இரண்டாம் நிலைக் காவலர்களும் தீயணைப்பாளர்களும் அடிக்கடி கேட்பது இதுதான்: "பணியின்போது பையில் வைத்துக்கொள்ள நல்ல கத்தி ஒன்று சொல்லுங்கள்." கேள்வியோடு ஒரு படமும் வந்து சேரும். கறுப்பு வண்ணம் பூசி, ஊசியாக முனை நீண்டு, பிடியில் மண்டையோடு பொறித்த ஏதோ ஒன்று. விற்பனைப் பக்கத்தில் அதற்குக் 'கமாண்டோ' என்றோ 'டாக்டிகல்' என்றோ பெயர். வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிவிடலாம். ஆனால் சொந்தச் சம்பளத்தில் வாங்குகிறவருக்கு எது வேண்டாம் என்பதைவிட எது வேண்டும், ஏன் வேண்டும் என்பதுதான் பயன்படும்.

கடைக்குப் போகும் முன் வேலையைப் பார்ப்போம். தீயணைப்பு வண்டியில் ஹைட்ராலிக் கட்டர் இருக்கிறது, மர அறுவை இயந்திரம் இருக்கிறது, கோடாரி இருக்கிறது. அவை வந்து சேர்வதற்கு முன்பும், அவற்றை நுழைக்க முடியாத இடத்திலும் செய்ய வேண்டிய சின்ன வேலைகளுக்குத்தான் பைக்கத்தி. கவிழ்ந்த காரில் சீட் பெல்ட்டை அறுப்பது, கிணற்றில் விழுந்த மாட்டின் கழுத்துக் கயிற்றை விடுவிப்பது, மாஞ்சா நூலில் சிக்கிய காகத்தை எடுப்பது, காயம்பட்டவரின் கால்சட்டையைக் கிழித்து இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் பல விபத்துகளில் தீயணைப்பு வண்டிக்கு முன்பே போய்ச் சேருகிறார். அவரிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. அவருடைய மற்ற நாட்கள் பார்சல் டேப், சாக்குத் தையல், தட்டிக் கயிறு, புயலில் அறுந்து தொங்கும் கேபிள் டிவி வயர் என்று போகின்றன.

இந்தப் பட்டியலில் குத்துகிற வேலை ஒன்றுகூட இல்லை. மனித உடலுக்கோ விலங்கின் உடலுக்கோ மிக அருகில் வைத்து அறுக்கும் வேலையே அதிகம்.

நம் ஊர்ச் சாலைகளில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனத்தின் பின்சக்கரத்தில் துப்பட்டா சிக்குகிறது. சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே துணி திரிந்து கயிறாகிவிடுகிறது. மறுமுனை அந்தப் பெண்ணின் கழுத்தில். துணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை, அவரோ திமிறுகிறார். ஊசி முனைக் கத்தியை வைத்திருப்பவர் அந்த முனையைத்தான் முதலில் துணிக்கு அடியில் செருகியாக வேண்டும், அதாவது கழுத்து நரம்பின் மேல். கை தானாகவே தயங்கும், தயங்கத்தான் வேண்டும். முனை மழுங்கிய அலகாக இருந்தால் அதன் முதுகைத் தோலில் படுத்து உள்ளே வழுக்கிவிட்டு, கூரான வாயை வெளிப்பக்கமாகத் திருப்பி இழுத்துவிடலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான்: கழுத்தருகே கொண்டுபோகத் தயங்காத கத்தியே இந்த இரண்டு பணிகளுக்கும் ஏற்றது.

## எதை வைத்து அளப்பது?

முனை. மேலே சொல்லிவிட்டேன். மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

ஒற்றைக் கை, அதுவும் கையுறையோடு. இன்னொரு கை ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது டார்ச்சை. நகத்தால் பள்ளத்தைப் பற்றி இழுத்துத் திறக்கும் பழைய பேனாக்கத்தி இங்கேயே தோற்றுவிடுகிறது. அலகில் வட்டத் துளையோ தடித்த குமிழோ இருக்க வேண்டும். 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் துளையும் பிடியில் பைக் கிளிப்பும் வைத்து ஒரு மடக்குக் கத்தியை வெளியிட்டது. இன்று சந்தையில் உள்ள பாதிக் கத்திகள் ஏதோ ஒரு விதத்தில் அதன் வாரிசுகள். திறப்பதைப் போலவே மடக்குவதும் முக்கியம். கையுறைக்குள் இருக்கும் கட்டைவிரலால், அலகைப் பூட்டிப் பிடிக்கும் சன்னமான உள்தகட்டைத் தள்ளி மடக்குவது எரிச்சலான காரியம்.

பூட்டு. திறந்த அலகு வேலையின் நடுவே விரல்மேல் மடங்கக் கூடாது. பூட்டில்லாத கத்தியை இந்தப் பணிக்கு யோசிக்கவே வேண்டாம். சேறும் மணலும் புகுந்தால் எல்லாப் பூட்டும் தடுமாறும் என்பதால், கழுவ எளிதான திறந்த அமைப்பு நல்லது.

வாய். சீட் பெல்ட், நைலான் கயிறு போன்ற நார்ப் பொருள்களில் ரம்பப்பல் வாய் பற்றிக்கொண்டு அறுக்கும். வழுவழுப்பான வாய் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் வழுக்கும். அட்டை, டேப், கேபிள் உறை போன்றவற்றுக்கு வழுவழுப்பான வாயே சுத்தமாக வெட்டும். அதை வீட்டுச் சாணைக்கல்லிலேயே தீட்டிக்கொள்ளவும் முடியும். பாதிக்குப் பாதி வைத்த வாய் சமரசம்தான். இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்யும் என்பது என் அபிப்பிராயம். பலருக்கு அது பிடித்திருக்கிறது.

துரு. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் வேலை பார்ப்பவருக்கு இது இரண்டாவது அளவுகோல். வியர்வை ஊறும் காக்கிச் சட்டைப் பையில் டி2 வகை எஃகு சில வாரங்களில் புள்ளி போடத் தொடங்கும்.

தொலைந்தால்? விபத்து இடத்தில் கத்தி தொலையும். யாரோ கேட்பார்கள், கொடுப்பீர்கள், திரும்பி வராது. தொலைந்தால் ஒரு வாரம் தூக்கம் வராத விலையில் வாங்கினால், தேவைப்படும் நேரத்தில் அது வீட்டு பீரோவில் இருக்கும்.

சட்டமும் சீருடையும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-இல் வந்த ஆயுத விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கணக்கில் எடுக்கின்றன. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. இங்கே பேசும் கத்திகள் எல்லாம் அதில் பாதி நீளம்கூட வராதவை. ஆனால் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியின் கதை வேறு. டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றின்கீழ் 7.62 செ.மீ. நீள அலகே வழக்குக்குப் போதும். அந்த ரகத்தை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று: சட்டம் விடுவது வேறு, உங்கள் ஆய்வாளரோ நிலைய அலுவலரோ விடுவது வேறு. துறை தராத பொருளைச் சீருடையில் வைக்கும் முன் வாய்மொழியாகவாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

## 1. கூர்முனை மடக்குக் கத்தி

கடையில் அதிகம் கிடைப்பது, மலிவாகக் கிடைப்பது, பார்க்க அழகானது. எட்டுச் சென்டிமீட்டர் அலகு, கட்டைவிரல் குமிழ், கிளிப். 8சிஆர்13எம்ஓவி என்ற சீன எஃகில் செய்த கண்ணியமான கத்திகள் உண்டு. தீட்டினால் நன்றாகக் கூர் ஏறும். பார்சலைப் பிரிப்பது, சாக்குத் தையலைக் கிழிப்பது, பிளாஸ்டிக் கேனில் ஓட்டை போடுவது என நிலையத்துக்குள் நடக்கும் வேலைகளில் இதை மிஞ்ச எதுவுமில்லை. முனை தேவைப்படும் வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன.

மீட்பு வேலையில்தான் இது எதிரியாகிறது. திமிறுகிறவர் அருகே, இருட்டில், கவிழ்ந்த வண்டிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மூன்றுபேர் ஒரே நேரத்தில் கை நீட்டும் இடத்தில் கூர்முனை யாரையாவது குத்தும். பெரும்பாலும் சக ஊழியரை. காவலருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கூட்ட நெரிசலில் பைக்கு வெளியே கிளிப் தெரிந்தால் அதை உருவிக்கொள்ள ஒரு கை போதும். உருவப்பட்டது கூர்முனைக் கத்தியாக இருந்தால் அதன்பின் நடப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாருக்கு ஏற்றது? நிலைய எழுத்தர், பொருள் வைப்பறை பொறுப்பாளர், வாகன ஓட்டுநர். களத்துக்குப் போகாதவர்.

## 2. மொட்டை முனை மீட்புக் கத்தி

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்; இந்த வகைக்குள்ளேயே மூன்று தனித்தனிப் போக்குகள் இருக்கின்றன.

ஸ்பைடர்கோவின் அட்லாண்டிக் சால்ட் எளிமையானது. ஆட்டுக்குளம்பு வடிவ அலகு, முனை கிடையாது, வாய் முழுக்க ரம்பப்பல், பெரிய வட்டத் துளை. மஞ்சள் பிடியோடு வருவது சேற்றில் விழுந்தாலும் கண்ணில் படும். அதன் பெயரை எடுத்துக்கொடுத்தது எச்-1 என்ற எஃகு: கார்பன் மிகக் குறைவாக உள்ள கலவை என்பதால் உப்புநீரில் கிடந்தாலும் துரு ஏறாது. பின்னாளில் அதே குடும்பத்தில் எல்சி200என் போன்ற எஃகுகளும் வந்தன. கண்ணாடி உடைப்பான், பெல்ட் அறுக்கும் கொக்கி எதுவும் இதில் இல்லை. ஒரே ஒரு வேலை, அதை மிக நன்றாக. கடலோர நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்.

பெஞ்ச்மேட் ட்ரையாஜ் அதற்கு நேர் மறுபக்கம். மொட்டை முனை அலகோடு, பிடிக்குள் மடங்கும் தனிக் கொக்கி வெட்டி, பிடியின் அடியில் மிகக் கடினமான கார்பைடு முனையுள்ள கண்ணாடி உடைப்பான். பூட்டு இரண்டு பக்கத்திலும் இழுக்கும் குறுக்குக் கம்பி வகை; கையுறையோடு மடக்க இதைவிட வசதியான பூட்டை நான் கையாண்டதில்லை. இடக்கைக்காரருக்கும் தடையில்லை. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: அமெரிக்காவிலேயே 200 டாலர் அளவில் விலை. இங்கே வந்துசேரும்போது சுங்கத் தீர்வையும் ஏறியிருக்கும். மேலே சொன்ன பீரோ வியாதி இதற்குத்தான் முதலில் பிடிக்கும்.

மூன்றாவது விக்டோரினாக்ஸ் ரெஸ்க்யூடூல். மீட்புப் பணியாளர்களோடு சேர்ந்து ஐந்து ஆண்டுகள் உருவாக்கியது என்று அந்தச் சுவிஸ் நிறுவனம் சொல்லும். கையில் எடுத்தால் அந்த உழைப்பு தெரிகிறது. 111 மி.மீ. நீளப் பிடி இருட்டில் மங்கலாக ஒளிரும். ஒற்றைக் கையால் திறக்கும் பூட்டு அலகு, சீட் பெல்ட் வெட்டி, ஜன்னல் உடைப்பான், லேமினேட்டட் கண்ணாடியை (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது) அறுக்கும் ரம்பம். உடைப்பானும் ரம்பமும் தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். இந்தப் பட்டியலில் முன்கண்ணாடியை உண்மையில் அறுக்கக்கூடிய பைக்கருவி இது ஒன்றுதான். அதற்குக் கை வலிக்க வேண்டும், கண்ணாடித் தூள் பறக்கும், முகக்கவசம் வேண்டும் என்பது தனி. எடை ஏறத்தாழ 170 கிராம் என்பதால் சட்டைப்பைக்கு ஆகாது; இடுப்பு உறையில்தான் வைக்க வேண்டும்.

இந்த வகை முழுவதற்கும் பொதுவான மறைமுகச் செலவு சாணை. தெருவில் சாணைச் சக்கரத்தோடு வருபவரிடம் ரம்பப்பல் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அருவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர் வித்தைக்காரர். ஆனால் பல்லையெல்லாம் சமமாக்கித் தந்துவிடுவார், போதாக்குறைக்குச் சூட்டில் எஃகின் பதமும் போகும். பல் ஒவ்வொன்றையும் தீட்ட மெல்லிய கூம்பு வடிவத் தீட்டுக்கோல் தேவை. பொறுமையும் தேவை. இல்லையென்றால் மழுங்கும்வரை வைத்திருந்து வேறு வாங்க வேண்டியதுதான். அவசரத்துக்கு மட்டும் எடுப்பவருக்கு அது பல ஆண்டுகள் கழித்து வரும் செலவு. அட்டைப்பெட்டி பிரிக்க இதை எடுக்காத வரை.

## 3. மல்டிடூல்

டிம் லெதர்மேன் தன் முதல் கருவியை 1983-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இடுக்கியை நடுவில் வைத்து மற்றவற்றைக் கைப்பிடிக்குள் மடக்கிய அந்த யோசனைதான் இன்றைக்கும் மல்டிடூல். காவலருக்குப் பெரும்பாலான நாட்களில் இது பயன்படும்: கழன்ற தடுப்பு வேலியின் கம்பியை முறுக்க, வாக்கி-டாக்கி கிளிப்பின் திருகை இறுக்க, பூட்டிக்கொண்ட சைக்கிள் சங்கிலியை இழுக்க. தீயணைப்பு நிலையத்தில் குழாய் இணைப்பின் வாஷரை நெம்பி எடுக்கவும் இதுவே வரும்.

லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். வெளிப்பக்கம் இரண்டு அலகுகள். கருவியைத் திறக்காமலே ஒற்றைக் கையால் எடுக்கலாம், பூட்டும் உண்டு. பலர் கவனிக்காத செய்தி ஒன்று: அதன் ரம்பப்பல் அலகுக்கு ஊசி முனை கிடையாது, அதுவும் ஆட்டுக்குளம்பு வடிவம்தான். ஆக, ஒரே கருவியில் நிலையத்துக்குக் கூர்முனை, களத்துக்கு மொட்டை முனை. 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இந்தியாவில் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

குறை என்ன? அவசரத்தில் எந்த அலகு எந்தப் பக்கம் என்று விரல் தேடும். தினமும் பயன்படுத்துகிறவருக்கு அந்தத் தேடல் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவர் தவறாமல் முதலில் கூர்முனையைத்தான் திறப்பார். ஈரமான தடித்த கையுறையோடு இதை இயக்குவதும் கடினம். பெல்ட்டில் கால் கிலோ எடை பன்னிரண்டு மணி நேரம் தொங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தோபஸ்துப் பணியில் நின்றுகொண்டே இருப்பவருக்கு இடுப்பு சொல்லும்.

## 4. கத்தரியும் கொக்கியும்

இது கத்தியே இல்லை. ஆனாலும் இந்த நான்கில் நான் பரிந்துரைக்கும் முதல் செலவு இதுதான்.

108 ஆம்புலன்ஸ் ஊழியர் இடுப்பில் செருகியிருக்கும் வளைந்த முதலுதவிக் கத்தரியைப் பார்த்திருப்பீர்கள். கீழ் அலகின் நுனி தட்டையாக மடிக்கப்பட்டிருக்கும். தோலோடு உரசிக்கொண்டு போனாலும் கீறாது. ஜீன்ஸ், தோல்வார், சீட் பெல்ட், துப்பட்டா எல்லாவற்றையும் வெட்டும். பெல்ட்டில் இரண்டு மூன்று கடி வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனை வாசலில் உள்ள எந்த சர்ஜிக்கல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். உருவிக்கொண்டு ஓடினாலும் அதை வைத்து யாரையும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. விளக்கம் சொல்லாமல் எந்தச் சீருடையிலும் வைக்கக்கூடிய வெட்டுக்கருவி இதுவே.

கொக்கி வெட்டி என்பது குறுகிய பிளவுக்குள் அலகை ஒளித்துவைத்த கருவி. விரல் உள்ளே போகாது, துணியும் பெல்ட்டும் போகும். கையை இழுத்தால் போதும். விறைப்பாக இருக்கும் பெல்ட்டை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். தொளதொளவென்று இருந்தால் துணி சுருண்டு பிளவில் அடைத்துக்கொள்ளும். அப்போது மறுகையால் இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு, சற்றுச் சாய்வாக அறுக்க வேண்டும். தடித்த கயிறு பிளவுக்குள் நுழையாது என்பது இதன் எல்லை.

காவலர்கள் எதிர்கொள்ளும் மிகக் கடினமான சூழல் ஒன்றிலும் கொக்கியும் கத்தரியுமே கைகொடுக்கின்றன. தூக்கில் தொங்குபவருக்கு உயிர் இருக்கலாம் என்ற நிலையில் உடலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தருகே வெட்ட வேண்டியிருக்கிறது. அங்கே முனைக்கு இடமே இல்லை. முடிச்சை வெட்டாமல், அதற்கு எதிர்ப்புறத்தில் வெட்டி, முடிச்சை அப்படியே வைத்திருக்க வேண்டும். விசாரணைக்கு அது வேண்டும். உயிர் முதலில், முடிச்சு பிறகு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே கத்தரியின் பணக்கார உறவினர் லெதர்மேன் ராப்டர். மடங்கும் கத்தரி, பெல்ட் கொக்கி, ஆக்சிஜன் சிலிண்டர் திருகி, கார்பைடு உடைப்பான், மோதிர வெட்டி. தீயணைப்பு நிலையத்துக்கு வீங்கிய விரலோடு வரும் மோதிரக்காரர்களைத் தெரிந்தவர் அந்தக் கடைசி உறுப்பின் அருமையை உணர்வார். தங்கம், வெள்ளி போன்ற மென்மையான உலோகங்களுக்கு அது போதும். டைட்டானியம், டங்ஸ்டன் மோதிரங்களுக்கு ஆகாது. நல்ல கருவிதான். ஆனால் சாதாரணக் கத்தரி பத்துக்கு மேல் வாங்கும் பணம் இதற்கு ஆகும். நிலையத்துக்கு ஒன்று இருந்தால் போதும், ஆளுக்கு ஒன்று வேண்டாம்.

## உறையில் வைக்கும் நிலைக்கத்தி பற்றி ஒரு வரி

மடங்காத மோரா போன்ற சிறு கத்தி வலுவானது, கழுவ எளிது, விலையும் குறைவு. வெள்ளத்தில் படகோடு போகும் மீட்புக் குழுவின் மிதவை அங்கிக்குப் பொருந்தும். தெருவில் சீருடையில் இடுப்பில் தொங்கினால் மக்கள் பார்க்கும் பார்வை மாறிவிடும். காவலருக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கூர்முனைக் கத்தி | மொட்டை முனை | மல்டிடூல் | கத்தரி + கொக்கி |
|---|---|---|---|---|
| உடலருகே வெட்ட | ஆபத்து | நல்லது | சரியான அலகை எடுத்தால் | மிக நல்லது |
| கையுறையோடு ஒற்றைக் கை | பரவாயில்லை | நல்லது | கடினம் | நல்லது |
| தடித்த கயிறு | சுமார் | மிக நல்லது | நல்லது | திணறும் |
| அன்றாட நிலைய வேலை | மிக நல்லது | வீணடிப்பு | மிக நல்லது | சுமார் |
| தீட்டுவது | எளிது | கடினம் | ஒரு அலகு எளிது | தேவையில்லை, மாற்றலாம் |
| கைமாறினால் ஆபத்து | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு |
| விலை | நூறுகளில் தொடங்கும் | ஆயிரங்கள் | பத்தாயிரத்துக்கு மேல் | சில நூறு |

## கண்ணாடி உடைப்பான் என்னும் தனிக்கதை

கத்தியின் அடியில் முள் இருந்தால் எந்தக் கண்ணாடியும் உடையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகை: மூலையில் கடினமான புள்ளியால் தட்டினால் முழுதும் பொடிப்பொடியாக உதிரும். நடுவில் தட்டினால் வளைந்துகொடுத்துத் தப்பிக்கும். முன்கண்ணாடி லேமினேட்டட்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம், விரிசல் விடும், விழாது. இப்போது பக்கக் கண்ணாடிகளிலும் லேமினேட்டட் வரத் தொடங்கிவிட்டது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றாலும் உடைத்துக்கொண்டு வழி திறக்க முடியவில்லை. சுத்தியல் வகையைவிட, அழுத்தினால் தானாக அடிக்கும் வில்சுருள் வகை நன்றாக வேலை செய்தது என்பதும் அதில் தெரிந்தது.

ஆகவே இடநெருக்கடியில் கை ஓங்கத் தேவையில்லாத, சாவிக்கொத்தில் தொங்கும் வில்சுருள் உடைப்பான் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது, கத்தியோடு ஒட்டிய முள்ளைவிட மேல். ரெஸ்க்மி போன்றவற்றில் சிறு பெல்ட் வெட்டியும் சேர்ந்தே வருகிறது. 2025 அக்டோபரில் கர்நூல் அருகே ஹைதராபாத்–பெங்களூரு தனியார் பேருந்து தீப்பிடித்தபோது உயிர் தப்பியவர்களில் பலர் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள். ஏசி படுக்கைப் பேருந்துகள் ஓடும் நெடுஞ்சாலையில் ரோந்து போகிறவருக்கு அந்தச் சாவிக்கொத்துக் கருவி கத்தியைவிட முக்கியமாகலாம். காரின் தலைசாய்வுக் கம்பியே கண்ணாடி உடைப்பதற்காக வைத்ததுதான் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை விட்டுத்தள்ளுங்கள். தலைசாய்வு கழுத்தைக் காப்பதற்கு வைத்தது.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

போலி முதல் செலவு. ஸ்பைடர்கோ, லெதர்மேன், விக்டோரினாக்ஸ் மூன்றுக்கும் அச்சு அசலான போலிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு விலையில் 'ஒரிஜினல்' என்று வந்தால் அது போலிதான். போலியில் முதலில் கைவிடுவது பூட்டு. அதாவது உங்கள் விரல்.

பிடிபடுவது இரண்டாவது. பணி முடிந்து அப்படியே விமான நிலையத்துக்குப் போனால் கைப்பையில் இருக்கும் கத்தி போய்விடும். சரக்குப் பெட்டியில் போட்டால் தப்பிக்கும். காவலர் கைதி அறைக்குள் நுழையும் முன் எந்தக் கத்தியையும் வெளியே வைத்துவிட வேண்டும். இரத்தம் பட்ட அலகை அப்படியே மடக்கிப் பையில் போடுவது தொற்றுக்கு வழி. கீல்வரை திறந்து கழுவி, கிருமிநாசினி போட்டு, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கத்தி என்பது இந்த வேலையோடு சேர்த்துத்தான் வருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மின்கம்பி என்று சந்தேகம் வந்தால் எந்தக் கத்தியும் பையை விட்டு வெளியே வரக் கூடாது. பிளாஸ்டிக் பிடி காப்பாற்றாது, மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் மற்றதெல்லாம். இரண்டாவது, ஆள் தொங்கும் கயிற்றின் பக்கத்தில் திறந்த கத்தி. விறைத்த கயிறு வாய் பட்ட மாத்திரத்தில் தெறித்துவிடும். கிணற்றில் இறங்கியிருப்பவரின் கயிற்றுக்கு அருகில் துணியையோ சிக்கலையோ வெட்ட வேண்டுமானால் கத்தரிதான்.

## அப்படியானால் யார் எதை வாங்குவது?

ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டுமென்றால் இரு துறையினருக்கும் ஒரே பதில்: முதலுதவிக் கத்தரி ஒன்று, கொக்கி வெட்டி ஒன்று. கத்தி வேண்டாம். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். படத்தில் எடுப்பாக இருக்காது.

நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் இவற்றோடு ஒரு வில்சுருள் உடைப்பானைச் சேர்த்துக்கொள்ளட்டும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ரெஸ்க்யூடூல். அதை இடுப்பில் சுமக்காமல் வண்டியின் கதவுப் பையில் வைத்தால் எடையும் பிரச்சினையில்லை. சட்டம் ஒழுங்கு, பந்தோபஸ்து, போக்குவரத்துப் பணியில் உள்ளவருக்கு மல்டிடூல் நிஜமாகவே பயன்படும், ஆனால் கூட்டத்துக்குள் போகும் நாளில் அதை விட்டுவிட்டுப் போவது நல்லது.

தீயணைப்பாளருக்கு என் தேர்வு மொட்டை முனை, முழு ரம்பப்பல் மடக்குக் கத்தி. கடலோரம் என்றால் துருப்பிடிக்காத எஃகு. கயிறு, வலை, மாட்டுத் தும்பு, வெள்ளத்தில் மிதந்து வரும் தார்ப்பாய் என்று காவலரைவிட அதிகமாக நார்ப் பொருள்களோடு மல்லுக்கட்டுவது அவர்தான். கத்தரி அங்கே களைத்துவிடும். நிலையமே சேர்ந்து ஒரு ராப்டர் வாங்கி வண்டியின் முதலுதவிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

எதை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே பழைய சீட் பெல்ட் கொஞ்சம் தேடிப் பிடியுங்கள். சென்னையில் இருப்பவருக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் கேட்டால் சொற்ப விலைக்குத் தருவார்கள். நாற்காலியின் முதுகில் பெல்ட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பணியில் போடும் கையுறையைப் போட்டுக்கொண்டு, முதலில் வழக்கமான கையாலும் பிறகு மறுகையாலும் அறுத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டும் ஒருமுறை. அப்போது கத்தி பையிலிருந்து வெளியே வருவதற்கே திணறினால், அதை வைத்திருக்கும் இடத்தை மாற்றுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கத்தியை மாற்றுங்கள்.